கோடரிக்குத் தப்பிய சவுக்கு!

மாசி மாதம் வந்தால் திண்டுக்கல்லில் கோட்டை மாரியம்மன் கோவில் திருவிழா. ஊரெங்கும் பந்தல் எழும்பும். பந்தலுக்குக் கால் எது?

சவுக்கு!

வீடு கட்டுகிறவர் சாரம் கட்டுவதற்குச் சவுக்குக் கம்பு வாங்குகிறார். அடுப்பு எரிக்கச் சவுக்கு விறகு. காகிதம் செய்யவும் சவுக்கு. பக்கத்துக் கரூர் மாவட்டத்தில் புகளூர் காகித ஆலைக்கு லாரி லாரியாகச் சவுக்கு மரம் போகிறது.

பாவம், சவுக்கு! அதற்குக் கிழப்பருவம் என்பதே கிடையாது. நட்ட மூன்று, நான்கு ஆண்டுகளில் கோடரி வந்துவிடும்.

ஆனால் அதே சவுக்கு, ஒரு தட்டுத் தொட்டியில், ஒரு முழம் உயரத்தில், பல பத்து ஆண்டுகள் வாழ முடியும். பார்க்கிறவர்கள், "இது என்ன, நூறு வயது மரமா?" என்று கேட்பார்கள். கடற்கரையில் காற்றோடு மல்லுக்கட்டி வளைந்து போன கிழ மரம்போல அது நிற்கும்.

இது மந்திரம் அல்ல. "போன்சாய்" என்ற கலை.

இந்தக் கலைக்கு நான்கு பொருள்கள் வேண்டும். முதலாவது, கத்தரி. இரண்டாவது, கம்பி. மூன்றாவது, பொறுமை. நான்காவது ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வீண். அது என்ன? கடைசியில் பார்க்கலாம்.

ரெயிலுக்காக வந்த மரம்

சவுக்கு நம் ஊர் மரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குக் கடற்கரைகள் அதற்குத் தாய்வீடு. தென்கிழக்கு ஆசியாவிலும் பசிபிக் கடல் தீவுகளிலும் அது தானாக வளர்கிறது.

தமிழ்நாட்டுக்கு அது ஏன் வந்தது? ரெயிலுக்காக!

அந்தக் காலத்தில் தென்னாட்டு ரெயில் என்ஜின்களில் விறகு போட்டு எரித்தார்கள். விறகுக்கு எங்கே போவது? சென்னைக் கடற்கரை ஓரத்து மணலில் சவுக்குத் தோப்புகளை உண்டாக்கினார்கள். 1875-ம் ஆண்டு திருச்சியில் இருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரெயில் ஓடத் தொடங்கியது. அது விறகு என்ஜின்களின் காலம்.

ரெயில் பிறகு நிலக்கரிக்கு மாறியது. அப்புறம் டீசல், மின்சாரம். சவுக்கு மட்டும் போகவில்லை. இங்கேயே தங்கிவிட்டது.

இலை எங்கே?

சவுக்கு மரத்தில் ஊசி ஊசியாகப் பச்சையாகத் தொங்குகிறதே, அது இலை அல்ல. அது மெல்லிய கிளை!

நம்பிக்கை இல்லையா? ஓர் ஊசியைக் கிள்ளி எடுங்கள். இரண்டு கைகளாலும் மெல்ல இழுங்கள். ரெயில் பெட்டி கழன்று வருவதுபோல ஒரு கணுவில் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றி மிகச் சிறிய பற்கள் இருக்கும். அவைதான் இலைகள்.

இலை இவ்வளவு சிறியதாக இருப்பது போன்சாய் செய்கிறவருக்கு வரப்பிரசாதம். தேக்கு மரத்தைத் தொட்டியில் வைத்தால் என்ன ஆகும்? மரம் முழ உயரம், இலை முறம் அகலம்! பார்க்கச் சகிக்காது. சவுக்கில் அந்தக் குறை இல்லை.

வேரிலும் ஒரு விந்தை உண்டு. சவுக்கு வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. அதனால்தான் வெறும் மணலிலும் சவுக்கு செழிக்கிறது.

தட்டில் ஒரு காடு

"போன்" என்றால் தட்டு. "சாய்" என்றால் நடுதல். தட்டில் நட்ட மரம் என்பது பொருள். சொல் ஜப்பானியர்களுடையது. ஆனால் கலை பிறந்த இடம் சீனா.

சீனாவில் ஓர் இளவரசனின் கல்லறை இருக்கிறது. 706-ம் ஆண்டில் கட்டியது. அதன் சுவரில் ஓர் ஓவியம். பணியாட்கள் சின்னஞ்சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்தி நிற்கிறார்கள். 1,300 ஆண்டுகளுக்கு முன்பே தட்டில் மரம் வளர்த்ததற்கு அது சாட்சி.

சவுக்கை இப்படி வளர்ப்பதில் தைவான் நாட்டாரும் இந்தோனேசியா நாட்டாரும் கெட்டிக்காரர்கள். ஆஸ்திரேலியாவிலும் தங்கள் நாட்டு மரங்களைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். அந்த நாட்டின் தலைநகர் கான்பராவில் தேசிய மரத்தோட்டம் இருக்கிறது. அங்கே போன்சாய் மரங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்கள் பெங்களூர் லால்பாக் தோட்டத்திலோ, மைசூரிலோ போன்சாய் மரங்களை நேரில் பார்க்கலாம்.

அணுகுண்டுக்கும் அஞ்சாத மரம்

தொட்டி மரம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? இந்தக் கேள்விக்கு ஓர் உண்மைக் கதையே பதில் சொல்லும்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி. காலை நேரம். ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தின்மீது அணுகுண்டு விழுந்தது. நகரம் சாம்பல் ஆயிற்று.

குண்டு விழுந்த இடத்தில் இருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் யமாகி என்பவரின் வீடு. தோட்டத்தில் தொட்டித் தொட்டியாகக் குட்டை மரங்கள். வீட்டின் சன்னல் கண்ணாடிகள் சிதறின. ஆனால் உயரமான மதில் சுவர் மரங்களைக் காப்பாற்றியது. அவற்றில் ஒன்று, 1625-ம் ஆண்டில் இருந்து தொட்டியில் வளர்ந்து வந்த ஊசியிலை மரம்!

1976-ம் ஆண்டு அமெரிக்கா தன் 200-வது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. அப்போது மசாரு யமாகி அந்த மரத்தை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கு, குண்டுக்குத் தப்பிய மரம்!

மரத்தின் கதை அமெரிக்காவில் வெகுநாள் யாருக்கும் தெரியாது. 2001-ம் ஆண்டு யமாகியின் பேரர்கள் இருவர் அந்த மரத்தைப் பார்க்கப் போனார்கள். அவர்கள் சொன்ன பிறகே விஷயம் வெளியில் வந்தது. மரம் இன்னும் வாஷிங்டன் நகரில் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. தொட்டியில் அதற்கு வயது 400!

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மதில் காப்பாற்றியது ஒரே ஒரு நாள்தான். மற்ற எல்லா நாளும் அதைக் காப்பாற்றியது, தண்ணீர் ஊற்றிய கை.

பட்டினி போடுவதா?

"மரத்தைக் குறுக்குவது பாவம். வீட்டில் வைத்தால் குடும்பம் குறுகிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள்.

யமாகியின் வீட்டில் அந்த மரம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. குடும்பம் தழைத்தது. பேரன்கள் கடல் கடந்து போய் மரத்தைப் பார்த்தார்கள்!

போன்சாய் மரத்தைப் பட்டினி போட்டு வளர்ப்பதாக நினைப்பது தவறு. பட்டினி போட்டால் மரம் செத்துவிடும். நல்ல போன்சாய்க்கு வேளைக்கு நீர் உண்டு. எரு உண்டு. வெயில் உண்டு. வளர்ந்த நுனியை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். தலைமுடி வெட்டிக்கொள்வது எப்படியோ, அப்படி!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெருவில் நிற்கும் வேப்பமரத்துக்குத் தொட்டி மரம் ஈடு ஆகாது. நிழல் வேண்டுமானால் மண்ணில்தான் மரம் நட வேண்டும். மாடியிலும் முற்றத்திலும் மண்ணே இல்லாதவர்களுக்குத்தான் தொட்டி மரம்.

எந்தக் கன்று?

நர்சரியில் சவுக்குக் கன்றுகள் வரிசையாக நிற்கும். உயரமான கன்றை எடுக்காதீர்கள். அடி பருத்த கன்றை எடுங்கள். கீழேயே கிளைகள் இருக்க வேண்டும். மேல்மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். வேர்கள் நாலு பக்கமும் பரவி இருந்தால் அதுதான் நல்ல கன்று.

முதல் ஆண்டு பெரிய தொட்டியில் வையுங்கள். நன்றாகத் தின்று, குடித்து, கொழுக்கட்டும். அடிமரம் கட்டைவிரல் பருமன் ஆகும்வரை கத்தரியைத் தொட வேண்டாம்.

முதல் வெட்டு

மரம் கிழமாகத் தெரிய வேண்டும் என்றால் அடி பருத்து, நுனி சிறுத்து இருக்க வேண்டும். ஒரே பருமனாக இருந்தால் அது மரம் ஆகாது. பந்தல் கால் ஆகிவிடும்!

ஆகவே நடுமரத்தை வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டு, மேலே உள்ளதை வெட்டலாம். ஆனால் வெட்டுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே பச்சையான கிளை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் கிளையை நிமிர்த்திக் கட்டினால் அதுவே புதிய தலை ஆகும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வேப்பமரத்தை மொட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும். சவுக்கு அப்படி அல்ல. பச்சையே இல்லாமல் மொட்டையாக வெட்டினால் பெரும்பாலும் காய்ந்துவிடும். கிளையைக் குறைக்கும்போதும் கொஞ்சம் பச்சையை விட்டே வெட்ட வேண்டும்.

பூட்டும் கம்பியும்

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு செய்கிற தொழிலாளி என்ன செய்கிறார்? அரத்தால் இரண்டு இழுப்பு இழுக்கிறார். சாவியைப் போட்டுப் பார்க்கிறார். மறுபடியும் இரண்டு இழுப்பு. அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் பூட்டு வீண்!

மரத்துக்குக் கம்பி கட்டுவதும் அதே வேலைதான்.

அலுமினியக் கம்பி நல்லது. அது எளிதில் வளையும். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு பருமன் உள்ள கம்பி போதும். கம்பியின் ஒரு முனையை அடிமரத்தில் சுற்றி நிலைநிறுத்துங்கள். பிறகு கிளைமீது சாய்வாகச் சுற்றிக்கொண்டே போங்கள். இறுக்கக் கூடாது. தொளதொள என்றும் இருக்கக் கூடாது.

சுற்றி முடித்த பிறகே கிளையை வளைக்க வேண்டும். இரண்டு கட்டைவிரல்களையும் அடியில் கொடுத்து, மெல்ல, மெல்ல... 'சட்' என்று சத்தம் கேட்டால் கிளை போயிற்று என்று பொருள்! ஒரே நாளில் முழுவதும் வளைக்க வேண்டாம். இன்று கொஞ்சம். பத்து நாள் கழித்துக் கொஞ்சம்.

கம்பி கட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் சவுக்கு வேகமாகப் பருக்கும். இரண்டு மாதத்தில் கம்பி பட்டையைக் கடிக்கத் தொடங்கும். அந்தத் தழும்பு எளிதில் மறையாது. வாரம் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பட்டையில் பதியும் முன்பே கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றைப் பிரித்து எடுக்க முயன்றால் கிளை ஒடியும்.

என்ன உருவத்துக்கு வளைப்பது? நேராக நிறுத்தலாம். ஒரு பக்கம் சாய்க்கலாம். சவுக்குக்கு மிகவும் பொருத்தமானது, காற்றில் சாய்ந்த உருவம். கடற்காற்றில் எல்லாக் கிளைகளும் ஒரே பக்கம் பறப்பதுபோல இருக்கும்.

ஐப்பசியில் தொட்டி மாற்றம்

உருவம் வந்த பிறகு தட்டுத் தொட்டி. எப்போது மாற்றுவது?

சித்திரை, வைகாசியில் கூடாது. வெயில் கொன்றுவிடும். ஆடியிலும் கூடாது. அம்மியையே அசைக்கும் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை வருகிற நேரம். காற்றில் ஈரம் இருக்கும்.

மண் கலவைக்குச் செம்மண், பருமணல், மக்கிய எரு மூன்றும் வேண்டும். மணல் கிடைக்காவிட்டால் செங்கல்லை உடைத்து மிளகு அளவுக்குச் சலித்துப் போடலாம். மாவுபோன்ற தூளைச் சல்லடையில் சலித்து நீக்கிவிட வேண்டும். தூள் இருந்தால் தண்ணீர் வடியாது, வேர் அழுகும்.

தொட்டியின் அடியில் துளைகள் இருக்க வேண்டும். துளைமீது கொசுவலைத் துண்டை வைத்தால் மண் ஒழுகாது. துளை வழியாக ஒரு கம்பியை விட்டு, மரத்தை அடியோடு சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றில் மரம் ஆடும். புதிய வேர் பிடிக்காது.

வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பழைய மண்ணை முழுவதும் கழுவிவிடவும் கூடாது. வேர் முடிச்சில் இருக்கும் அந்த நுண்ணுயிர்கள் பழைய மண்ணிலும் உண்டு. பழைய மண் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருந்தால்தான் புதிய தொட்டியிலும் அவை குடியேறும்.

மாற்றிய பிறகு இரண்டு, மூன்று வாரம் நிழல். அப்புறம் காலை வெயில். அப்புறம் முழு வெயில். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படி மாற்றினால் போதும்.

எருவுக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தெளிந்த நீரில் பல மடங்கு தண்ணீர் சேர்த்து, மாதம் ஒருமுறை ஊற்றலாம்.

திண்டுக்கல் வெயில்

சவுக்கு வறட்சியைத் தாங்கும் மரம் என்பார்கள். அது மண்ணில் நிற்கும் சவுக்கு! அதன் வேர் நீரைத் தேடிக்கொண்டு ஆழமாகப் போகும். தட்டில் நிற்கும் சவுக்கு எங்கே போகும்? நான்கு விரல் ஆழ மண்தான் அதன் உலகம்.

திண்டுக்கல்லில் சித்திரை வெயில் 38 டிகிரியைத் தொடும். மொட்டை மாடித் தரை தோசைக்கல்போலக் காயும். ஒரே ஒரு பகல் தண்ணீர் இல்லாவிட்டால் போதும். பத்து ஆண்டு உழைப்பு போய்விடும்!

கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தொட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமீது வையுங்கள். கடும் வெயில் நாட்களில் ஒரு தாம்பாளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு, அதில் தொட்டியை வைக்கலாம். மற்ற மரங்களுக்கு இப்படிச் செய்தால் வேர் அழுகும். சவுக்கு தாங்கிக்கொள்ளும்.

தண்ணீருக்கு எங்கே போவது? திண்டுக்கல்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தர வேண்டாம். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் வற்றினால் ஊர் தவிக்கும். குடத்தை வரிசையில் வைத்துக் காத்து நின்ற ஊர் இது. குடிநீரை மரத்துக்கு ஊற்ற வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் போதும். உப்பும் சோப்பும் கலந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நுனி காட்டும் குறி

சவுக்கு பேசாது. ஆனால் நுனி காட்டிக் கொடுக்கும். ஊசிகள் பளபளப்பு இழந்து சோர்ந்து தொங்கினால் உடனே தண்ணீர் வேண்டும். பழுப்பு நிறமாகித் தொட்டதும் பொடிந்தால் காலம் கடந்துவிட்டது.

மரம் நன்றாக இருந்தால் புது ஊசிகள் விடாமல் நீளும். அவற்றைக் கத்தரியால் வெட்டி வர வேண்டும். மேல் கிளைகளில் அதிகமாக, கீழ்க் கிளைகளில் குறைவாக வெட்டுங்கள். மேலே அடர்ந்துவிட்டால் கீழ்க் கிளைக்கு வெளிச்சம் இராது. அது காய்ந்துவிடும். காய்ந்த கீழ்க் கிளை திரும்ப வருவது அரிது.

மூன்றாம் ஆண்டில் உருவம் தெரியும். ஐந்தாம் ஆண்டில் பட்டை வெடித்துக் கரடுமுரடாகும். தோப்பில் அதனுடன் பிறந்த கன்றுகள் எல்லாம் அப்போது கம்பாகவும் விறகாகவும் போய்விட்டிருக்கும். பத்தாம் ஆண்டில் பார்க்கிறவர்கள் வயதைக் கேட்பார்கள்.

நான்காவது பொருள்

கத்தரி கடையில் கிடைக்கும். கம்பி கடையில் கிடைக்கும். பொறுமையைப் பழகிக்கொள்ளலாம். நான்காவது பொருள் எது?

நீங்கள் ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றும் ஆள்!

கல்யாணத்துக்கு இரண்டு நாள் வெளியூர் போவோம். பழனிக்குப் போவோம். யாருக்காவது உடம்புக்கு வந்தால் மருத்துவமனையில் இருப்போம். அந்த நாளில் மரத்துக்கு யார்? ஆசையோடு தொடங்கிய தொட்டி மரங்கள் பல, அப்படி ஒரு நாளில்தான் சாகின்றன. கத்தரியாலும் கம்பியாலும் செத்தவை குறைவு.

அதனால் மரத்தை ஒருவருடைய பொழுதுபோக்காக வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ கம்பி கட்டச் சொல்லிக் கொடுங்கள். பாட்டியிடம் அரிசி களைந்த தண்ணீரை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். மரம் குடும்பத்தின் மரம் ஆகட்டும்.

கன்று வாங்க நர்சரிக்குப் போகும் முன்பு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்.

"நான் இல்லாத அன்று யார் ஊற்றுவீர்கள்?"

ஒரு கையாவது உயர்ந்தால் கன்றை வாங்குங்கள். எந்தக் கையும் உயராவிட்டால் வேண்டாம். கன்று தோப்பிலேயே இருக்கட்டும். அங்கே கோடரி வருவதற்கு மூன்று, நான்கு ஆண்டாவது ஆகும்!